ஆர்கேட் போர்டில் 68705 போய்விட்டால்: நகல் எடுப்பது, எரிப்பது, ஏமாறுவது

2023 ஜூன் 3 (ஃபீனிக்ஸ், டர்பனிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி)

அண்ணே, ஆர்கனாய்டு (பேடிலால் பந்தைத் தட்டும் ஆர்கேட் விளையாட்டு) போர்டு ஒன்று. படம் வருகிறது, சத்தம் வருகிறது, பேடில் மட்டும் அசையவே இல்லை. எம்சியு (தன் நிரலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சிறு கணினிச் சிப்) போய்விட்டது என்று நினைத்து எம்சி68705பி5-ஐக் கழற்றினேன். டிஎல்866 ப்ளஸ் புரோகிராமரின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. 28 பின்தானே என்று 2764 ஈப்ராம் (யூவியில் அழித்து மறுபடி எழுதும் நினைவகச் சிப்) என்று தேர்ந்து படித்தேன், முழுக்க எஃப்எஃப் (எல்லா பிட்டும் 1). அப்படியானால் சிப் காலிதானே? சாட்ஸ்வொர்த்தில் நண்பரிடம் இதே போர்டு நல்ல நிலையில் இருக்கிறது. அவருடைய சிப்பைப் படித்து நகல் போட்டுக்கொள்ளலாமா?

2023 ஜூன் 3, இரவு

அந்த எஃப்எஃப்புக்கு ஒரு அர்த்தமும் இல்லை தம்பி. 2764-க்கு 28-ஆம் பின் 5 வோல்ட், 14 கிரவுண்ட், 1 விபிபி (எரிக்கும்போது கொடுக்கும் வோல்ட்). 68705-க்கு 1-ஆம் பின்தான் கிரவுண்ட், 3-ஆம் பின் 5 வோல்ட், 28 ரீசெட், 14 வெறும் பிபி2 (பி போர்ட்டின் ஒரு பின்). ஆக நீங்கள் கிரவுண்டுக்கு 5 வோல்ட் கொடுத்து, ரீசெட்டுக்கு சப்ளை கொடுத்து, ஒரு போர்ட் பின்னை கிரவுண்டில் பிடித்திருக்கிறீர்கள். சிப் அப்போது பிழைத்ததா என்பதே இப்போது இரண்டாவது கேள்வி. நண்பரின் சிப்பை அந்த சாக்கெட் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

2023 ஜூன் 4

முதலில் ஸ்பின்னரை (பேடிலை நகர்த்தும் சுழல் குமிழ்) பாருங்கள். இதுமாதிரி வரும் போர்டுகளில் எம்சியு மேல் பழி போடுவது சுலபம். காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். ஆர்கனாய்டில் பேடில் எண்ணிக்கையை எம்சியுதான் பி போர்ட் வழியாக வாங்கி, பிரதான சிபியுவான இசட்80-க்குச் சொல்கிறது. அதனால் ஸ்பின்னர் செத்தாலும் எம்சியு செத்தாலும் கண்ணுக்குத் தெரியும் அறிகுறி ஒன்றே. குமிழைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஆப்டோவின் (துளைச் சக்கரம் சுற்றுவதை ஒளியால் உணரும் பாகம்) இரண்டு வெளியீடுகளிலும் மீட்டரை வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட 0-க்கும் 5-க்கும் இடையே மாறி மாறி ஏறி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் அசைந்தால் பேடில் ஒரே இடத்தில் நடுங்கும். இரண்டும் அசையாவிட்டால் ஆப்டோவின் எல்ஈடி, இல்லை துளைச் சக்கரத்தில் சேர்ந்த தூசி. நம் கடற்கரைக் காற்றில் கனெக்டர் பச்சை பிடிப்பதும் உண்டு.

ஸ்பின்னர் சரி என்றால்தான் எம்சியு சாக்கெட்டுக்கு வர வேண்டும். சிப் உள்ளே இருக்க, போர்டு ஓடும்போது:

3-க்கும் 1-க்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட். இதைப் போர்டின் விளிம்புக் கனெக்டரில் அளக்காதீர்கள், சிப்பின் காலிலேயே அளக்க வேண்டும். 6-ஆம் பின் விபிபி. சாதாரண ஓட்டத்தில் அதுவும் 5 வோல்ட்தான். 28 ரீசெட், ஆன் செய்ததும் சற்று நேரம் கீழே இருந்து மேலே போய் அங்கேயே நிற்க வேண்டும். திரும்பத் திரும்ப கீழே வந்தால் வாட்ச்டாக் (நிரல் நின்றுபோனால் ரீசெட் கொடுக்கும் சுற்று) கடிக்கிறது என்று பொருள். 4, 5-இல் கடிகாரம். இந்தப் போர்டில் 3 மெகாஹெர்ட்ஸ்.

இவ்வளவும் சரியாக இருந்தால் 10, 11-ஐப் பாருங்கள். பிசி2, பிசி3 அவை. ஆர்கனாய்டைச் செய்த டைட்டோவின் இந்த வகைப் போர்டுகளில் ஏ போர்ட்டில் தரவு போகும், சி போர்ட்டில் "எடுத்துக்கொண்டேன், வைத்துவிட்டேன்" என்ற சைகை போகும். இந்த இரண்டு பின்னும் ஸ்கோப்பில் கல்லாக நின்றால் சிப் ஓடவில்லை. துடித்தால் சிப் ஓடுகிறது. பக்கத்தில் உள்ள லாட்ச் ஐசிகளை (தரவைப் பிடித்துவைப்பவை) சந்தேகப்படுங்கள்.

2023 ஜூன் 4, பிற்பகல்

ஸ்கோப் இல்லை என்று தனியாகக் கேட்டிருக்கிறார். லாஜிக் புரோப் போதும். மீட்டரில் டிசி வைத்து 2.1, 1.7 என்று நடுவாந்தரமாகக் காட்டினால் துடிக்கிறது. 0.1 அல்லது 4.9 என்று ஓரத்தில் ஒட்டி நின்றால் பெரும்பாலும் துடிக்கவில்லை. சைகைத் துடிப்பு மிகக் குறுகியதாக இருந்தால் மீட்டர் ஏமாற்றும், அதற்குத்தான் புரோப்.

2023 ஜூன் 6

சரி, சிப்தான் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். நண்பரின் சிப்பைப் படிக்க முடியுமா?

68705-இல் பி3, பி5 என்று வகைகள் உண்டு. பி3-ஆக இருந்தால் முடியும். பி5-இல் மோட்டோரோலா ஒரு பூட்டு வைத்தது. எம்ஓஆர் என்று சிப்பின் அமைப்புகளைத் தீர்மானிக்கும் ஒரு பைட் இருக்கிறது, ஹெக்ஸ் 784 என்ற முகவரியில். அதில் ஒரு பிட்டை எழுதிவிட்டால் வெளியிலிருந்து உள்ளே எட்டிப் பார்க்கும் பயன்முறை அடைபட்டுவிடும். விளையாட்டு நிறுவனங்கள் பி5-ஐத் தேடிப் போனதே அதற்காகத்தான். பூட்டிய சிப்பைப் படிக்கச் சப்ளையை நொடிப்பொழுது தடுமாற வைக்கும் வழிகள் இருக்கின்றன, மூடியைக் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் வழி இருக்கிறது. வீட்டு மேசைக்கு ஏற்ற வேலையா அது? அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல சிப்பில்?

தேவையும் இல்லை. பிரபலமான போர்டுகளின் எம்சியு நிரலை முன்பே பலர் எடுத்து வைத்துவிட்டார்கள். மேமில் (பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டர்) அந்த விளையாட்டின் ரோம் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி32, எஸ்எச்ஏ-1 என்ற சரிபார்ப்பு எண்கள் இருக்கும். உங்கள் போர்டின் மற்ற ஈப்ராம்களை டிஎல்866-இல் படித்து, எந்தப் பதிப்போடு பொருந்துகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தப் பதிப்புக்குரிய எம்சியு கோப்பைத்தான் எடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் எல்லாம் எரித்து முடித்த பிறகு "ஓடுகிறது, ஆனால் ஏதோ சரியில்லை" என்ற நிலைக்கு வருவீர்கள். பேசாத சிப்பைவிட உளறுகிற சிப் அதிக நேரத்தைத் தின்னும்.

இன்னொன்று. நம் ஊர் டீ ரூம்களில் நின்ற மெஷின்களில் கள்ளப் போர்டுகள் ஏராளம். ஆர்கனாய்டின் கள்ளப் பதிப்புகளில் எம்சியு உள்ளவையும் உண்டு, பிரதான நிரலைத் திருத்தி எம்சியுவே வேண்டாம் என்று செய்தவையும் உண்டு. காலி சாக்கெட்டைப் பார்த்ததும் "யாரோ சிப்பைத் திருடிவிட்டார்கள்" என்று சிப் வாங்கப் போகாதீர்கள்.

2023 ஜூன் 6, மேலும் ஒன்று

பி5 கிடைக்காவிட்டால் பி3 போதும். அதே 28 பின், அதே நினைவக அமைப்பு, அதே 1804 பைட் ஈப்ராம், 112 பைட் ராம். பூட்டு மட்டும்தான் இல்லை. நமக்குப் பூட்டு எதற்கு? ஆனால் 68எச்சி705 என்று வந்தால் தொடாதீர்கள். பெயர் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். பின்களும் முகவரிகளும் வேறு. பூட்டிய பழைய பி5 கையில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஜன்னல் உள்ள பீங்கான் சிப்பாக இருந்தால் யூவியில் அழிக்கும்போது பூட்டும் சேர்ந்தே அழியும்.

"புத்தம் புதியது" என்று விற்பவற்றில் பாதி, போர்டிலிருந்து பிடுங்கி மேலே புதிதாக அச்சடித்தவை. காலில் பழைய ஈயம் தெரிகிறதா என்று பாருங்கள். வரும்போது 15 சதவிகித வாட் வரியும் சேரும், அதனால் ஒன்றுக்கு இரண்டாக ஒரே முறையில் தருவிப்பது நல்லது.

2023 ஜூன் 9

எரிப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 68705-க்கு புரோகிராமர் அதற்குள்ளேயே இருக்கிறது. 785 முதல் 7எஃப்7 வரை 115 பைட் பூட்ஸ்ட்ராப் ரோம். அதை எழுப்பினால் வெளியே உள்ள ஒரு 2716-இலிருந்து பைட் பைட்டாக வாங்கித் தன்னைத்தானே எழுதிக்கொள்ளும், பிறகு தானே சரிபார்க்கும். வேண்டியவை: நிரல் எரித்த 2716 ஒன்று, 4040 கவுண்டர் ஒன்று, 1 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், இரண்டு எல்ஈடி, இரண்டு சுவிட்ச், 5, 12, 21 வோல்ட்.

2716-இன் தரவு எட்டும் ஏ போர்ட்டுக்கு (20 முதல் 27 வரை). 4040-இன் வெளியீடுகள் 2716-இன் முகவரிக்கு. பிபி3 கவுண்டரை ஓட்டும், பிபி4 அதைச் சுழிக்கும். பிபி1-இல் உள்ள எல்ஈடி "எழுதி முடித்தேன்", பிபி2-இல் உள்ளது "சரிபார்த்தேன்". டைமர் பின் (7) 12 வோல்ட்டில் இருந்தால்தான் ரீசெட்டிலிருந்து வெளிவரும்போது பூட்ஸ்ட்ராப்புக்குள் போகும். மீதி வயரிங் மோட்டோரோலா தரவுத்தாளில் முழுப் படமாகவே இருக்கிறது. அதை அப்படியே போடுங்கள், மேம்படுத்தாதீர்கள்.

21 வோல்ட்டுக்கு எம்டி3608 ஸ்டெப்-அப் பலகை போதும், 28 வரை ஏறும். அதன் சிறு திருகு பல சுற்றுகள் சுற்றும்வரை ஒன்றும் அசையாமல் இருந்து, பிறகு திடீரென்று ஏறும். மீட்டரை மாட்டி, 21-இல் நிறுத்தி, திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்த பிறகுதான் சிப்பின் அருகே கொண்டுவர வேண்டும். 22-ஐத் தாண்டக் கூடாது, 20-க்குக் கீழே இறங்கவும் கூடாது. குறைந்தால் எழுதியது போலத் தெரியும், சரிபார்ப்பு எல்ஈடி எரியாது.

வரிசை முக்கியம். ரீசெட் கீழே, விபிபி நிறுத்தம்: இந்த நிலையில் சிப்பை மாட்டு. 5 வோல்ட் கொடு. 21-ஐக் கொடு. ரீசெட்டை விடு. முதல் எல்ஈடி, இரண்டாவது எல்ஈடி. பிறகு ரீசெட்டைக் கீழே இறக்கி, 21-ஐ எடுத்து, 5-ஐ எடுத்து, அதன் பிறகே சிப். 5 இல்லாமல் 21 மட்டும் நின்றால் சிப் சாகும். புகை கூட வராது.

2716 கிடைக்கவில்லையா? 2732-ஐப் போட்டு மிச்ச மேல் முகவரியைக் கிரவுண்டில் கட்டுங்கள். 2716-உம் 2732-இன் பழைய வகைகளும் எரிய 25 அல்லது 21 வோல்ட் கேட்கும். டிஎல்866 இரண்டாம் தலைமுறை 18-க்கு மேல் போகாது. 27சி64 போட்டால் அந்தத் தலைவலி இல்லை, ஆனால் 28 பின், சாக்கெட் வயரிங்கை அதற்கேற்ப மாற்றுங்கள்.

2023 ஜூன் 10

யூவி அழிப்பு. 27 வரிசை ஈப்ராம்களுக்குச் சதுர செ.மீ.-க்கு 15 வாட்-நொடி என்பது வழக்கமான கணக்கு. 68705-க்கு மோட்டோரோலா கேட்பது 25. உங்கள் விளக்கு 12 மில்லிவாட் கொடுக்கிறது என்றால் சாதாரண ஈப்ராமுக்கு 21 நிமிடம், இதற்கு 35. "20 நிமிடம் வைத்தேன், பாதி அழிந்தது" என்பவர்களுக்கு இதுதான் பதில். ஜன்னலில் ஸ்டிக்கர் பசை இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடையுங்கள். கண்ணாடி மேல் இருக்கும் பசை யூவிக்குச் சுவர்.

இன்னொரு வித்தியாசமும் இங்கே உண்டு: இந்தச் சிப் அழிந்தால் எல்லாம் 00 ஆகும். மற்ற ஈப்ராம்கள் எஃப்எஃப் ஆகும். அதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

2023 ஜூன் 10

"வெயிலில் வைத்தால் அழியாதா, டர்பனில் வெயிலுக்கா பஞ்சம்?" என்று கேட்டவருக்கு: அழியும். நேரடி வெயிலில் ஒரு வாரம் என்று இன்டெல்லின் பழைய ஈப்ராம் தரவுத்தாள் சொல்லும். எரித்த சிப்பின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல் நேரடி வெயிலில் விட்டாலும் அப்படியே அழியும்.

2023 ஜூன் 17

டோங்காட்டிலிருந்து வந்த கேள்வி: டேட்டா ஈஸ்டின் கார்னாவ் விளையாட்டுப் போர்டு, அதன் எம்சியு இன்டெல் 8751, பதிலுக்கு ஏடி89எஸ்52 எரித்துப் போட்டேன், ஓடவே இல்லை. நிரல் சரிபார்த்தாயிற்று.

8751-க்கு மாற்று 68705-ஐவிட எளிது. ஏடி89சி51, எஸ்51, எஸ்52 எல்லாம் அதே 40 பின், டிஎல்866 நேராக எரிக்கும், யூவி வேண்டாம், 21 வோல்ட் வேண்டாம். 12 கடிகாரத்துக்கு ஒரு சுழற்சி என்ற கணக்கும் அதே. அதனால்தான் எல்லாரும் இதில் ஒரே குழியில் விழுகிறார்கள். குழி கடிகாரத்தில் இருக்கிறது.

பழைய 8751எச் என்மோஸ் வகை. வெளிக் கடிகாரம் கொடுக்கும்போது எக்ஸ்டால்2-க்கு (18) கொடுத்து எக்ஸ்டால்1-ஐ (19) கிரவுண்டில் கட்டுவார்கள். ஏடி89 சிமோஸ். அதற்கு எக்ஸ்டால்1-க்கு (19) கொடுத்து 18-ஐச் சும்மா விட வேண்டும். நேர் எதிர். போர்டில் 18, 19 நடுவே கிரிஸ்டல் இருந்தால் பிரச்சினையே இல்லை, மாட்டினால் ஓடும். 19-ஆம் பின்னின் தடம் நேராகக் கிரவுண்டுக்குப் போனால் சிப் ஒருநாளும் விழிக்காது.

தீர்வு: 40 பின் டர்ன்டு-பின் சாக்கெட் ஒன்றை இடையில் அடுக்குங்கள். அதன் 18, 19 கீழ்க்கால்களை வெட்டுங்கள். போர்டின் 18-ஆம் துளையிலிருந்து மெல்லிய கம்பி, அடுக்கின் 19-க்கு. போர்டின் 19-ஐ எங்கும் சேர்க்காதீர்கள். போர்டை வெட்ட வேண்டாம், நாளை அசல் சிப் கிடைத்தால் அடுக்கை எடுத்துவிட்டு அதையே மாட்டலாம்.

2023 ஜூன் 18

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படியுங்கள். கம்பியை மாற்றியும் சில போர்டுகளில் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. ஏடி89-இன் எக்ஸ்டால்1-உம் ரீசெட்டும் (9) "மேல்" என்று ஏற்க சப்ளையில் 0.7 பங்கு, அதாவது 3.5 வோல்ட் கேட்கும். போர்டில் கடிகாரத்தைத் தருவது 74எல்எஸ் ஐசி என்றால் அது சாதாரணமாக 3.4 வரைதான் தூக்கும். வெயில் காலத்தில் ஓடி, குளிரில் அடம்பிடிப்பது இதனால்தான். 19-இலிருந்து 5 வோல்ட்டுக்கு 1 கே ரெசிஸ்டர் ஒன்று. ரீசெட்டையும் எல்எஸ் ஐசி ஓட்டினால் அங்கும் ஒன்று. மற்ற போர்ட் பின்களுக்கு 1.9 வோல்ட் போதும், அவற்றைத் தொட வேண்டாம்.

31-ஆம் பின் (ஈஏ) 5 வோல்ட்டில் இருக்கிறதா பாருங்கள். கீழே இருந்தால் உள்ளே உள்ள நிரலை விட்டுவிட்டு வெளியே தேடப் போகும். லாக் பிட் எதையும் போடாதீர்கள். "அதே 8051, பத்து மடங்கு வேகம்" என்று விற்கும் 1டி வகைகள் (ஒரு கடிகாரத்துக்கே ஒரு சுழற்சி) வேண்டவே வேண்டாம். நிரலில் உள்ள தாமதச் சுழல்கள் எல்லாம் குறுகி, காசு போட்டதை நான்காக எண்ணும். விளையாடுகிறவருக்குச் சந்தோஷம்தான்.

2023 ஜூன் 25

பபிள் பாபிள் பற்றி யாரோ கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்டுவிட்டார்கள். அசல் போர்டில் ஏ78-01 என்ற ஸ்டிக்கரோடு இருப்பது 6801யு4, 40 பின், மாஸ்க் ரோம். தொழிற்சாலையிலேயே பதித்தது; அழிக்கவோ எழுதவோ முடியாது. பிரதான சிபியுவின் இண்டரப்ட்டே இதன் வழியாக வருகிறது, அதனால் இது செத்தால் ஆட்டம் நகராது. கள்ளப் போர்டு ஒன்றில் இதன் வேலையை 68705-இல் புதிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பை எடுத்து அசல் போர்டில் போட முடியாது, சாக்கெட்டே வேறு. எம்சியு இல்லாத பாபிள் பாபிள் என்ற கள்ளப் பதிப்பும் உண்டு. அசல் போர்டுக்கு இன்று நடைமுறை வழி, புது சிப்பில் அதே நிரலை ஓட்டும் சிறு துணைப் பலகை வாங்கி சாக்கெட்டில் மாட்டுவதுதான்.

கேலகாவின் 51எக்ஸ்எக்ஸ், 54எக்ஸ்எக்ஸ் கதையும் அப்படியே. உள்ளே ஃபுஜிட்சுவின் 4 பிட் எம்பி88 வரிசை, மாஸ்க் ரோம். காசு, ஜாய்ஸ்டிக் முதலாவது. வெடிச் சத்தம் இரண்டாவது. வெடிச் சத்தம் மட்டும் இல்லாத கேலகாவுக்கு 54-ஐ மாற்றும் முன் ஆம்ப்ளிஃபயரைப் பாருங்கள்.

சேகாவின் எஃப்டி1094 இந்த இழைக்கு வராது. அது பேட்டரியில் சாவியை வைத்திருக்கும் 68000. பேட்டரி போனால் சாவி போகும். சாதாரண 68000 போட்டு, மறை நீக்கிய ரோம்களை எரிப்பதே வழி.

2023 ஜூலை 2

லோட் ஷெடிங் (முறை வைத்து கரண்டை நிறுத்துவது) பற்றி ஒரு வார்த்தை. கரண்ட் போவது சிப்பைக் கொல்லாது. திரும்பி வரும் நொடியில் வரும் எகிறல் மெஷினின் பழைய ஸ்விட்சிங் சப்ளையை உலுக்கும். அதன் 5 வோல்ட் கெப்பாசிட்டர் காய்ந்திருந்தால் அலை ஐந்தரைக்கு மேல் போகும். ஒரே மெஷினில் சிப் மாற்றி மாற்றிச் சாகிறது என்றால் சிப்பை விடுங்கள், சப்ளையை மாற்றுங்கள். கரண்ட் போகும் நேரம் வரும் முன் மெஷினின் சுவிட்சையே அணைத்துவிடுவது இன்னும் மலிவு.

பழைய ஒற்றைத் தகடு சாக்கெட்டுகளையும் நம்பாதீர்கள். சிப்பை எடுத்து மறுபடி மாட்டியதும் ஓடினால் "சிப் சரியாகிவிட்டது" என்று மூடிவிடுகிறார்கள். துருப்பிடித்த தகடு ஒரு முறை சுரண்டப்பட்டது, அவ்வளவுதான். டர்ன்டு-பின் சாக்கெட் போட்டுவிட்டுத்தான் மூட வேண்டும்.

2023 ஜூலை 8

ஃபீனிக்ஸ் தம்பியின் நிலவரம்: ஸ்பின்னர் சரி, பிசி2, பிசி3 கல். பி3 வாங்கி, எரித்து, இரண்டு எல்ஈடியும் எரிந்தன. போர்டில் போட்டால் ஓடவில்லை.

கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து 784-ஐப் பாருங்கள். அங்கே எஃப்எஃப் இருக்கிறது என்றே நினைக்கிறேன். எம்ஓஆரின் ஏழாம் பிட் 1 என்றால் ஆர்சி ஆசிலேட்டர், 0 என்றால் கிரிஸ்டல். கடைசி மூன்று பிட்டும் டைமரின் வகுப்பான். எல்லாம் 1 என்றால் 128. மூடியைக் கரைத்து எடுத்த கோப்புகளிலும், கை மாறி மாறி வந்தவற்றிலும் இந்த ஒரு பைட் நிரப்பியாக எஃப்எஃப் ஆகிவிடுவது உண்டு. எமுலேட்டரில் ஓடியது என்பது இந்த பைட்டுக்குச் சாட்சி ஆகாது. பூட்ஸ்ட்ராப்போ தந்ததைத் தந்தபடி எழுதி, சரி என்று விளக்கும் போடும். அதன் பார்வையில் சரியேதான்.

784-இல் ஏழாம் பிட்டை 0 ஆக்குங்கள், டைமர் பிட்களை அதே போர்டின் இன்னொரு நம்பகமான கோப்போடு ஒப்பிட்டு வையுங்கள், 7எஃப்8 முதல் 7எஃப்எஃப் வரை உள்ள வெக்டர்களும் (ரீசெட், இண்டரப்ட் வந்தால் எங்கே போவது என்ற முகவரிகள்) காலியாக இல்லை என்று பாருங்கள். 1-ஐ 0 ஆக்க யூவி வேண்டும், மேலெழுத முடியாது. 35 நிமிடம், பிறகு மறுபடி எரிப்பு.

2023 ஜூலை 11

784-இல் எஃப்எஃப்தான். மாற்றி எரித்தாயிற்று, 10-உம் 11-உம் துடிக்கின்றன, பேடில் அசைகிறது. இடது ஓரத்தில் மட்டும் லேசாகத் தாவுகிறதாம். அது நிரல் இல்லை, துளைச் சக்கரம் ஆப்டோவின் நடுவில் நிற்கவில்லை. அச்சுத் திருகைத் தளர்த்தி அரை மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். ஸ்டிக்கரில் சிஆர்சியையும் "784 திருத்தியது" என்பதையும் எழுதி ஜன்னல் மேல் ஒட்டுங்கள், அடுத்து கழற்றுகிறவர் மேம் கோப்போடு ஒப்பிட்டுக் குழம்பாமல் இருப்பார்.